ஒன்பதாம் தேதி, இரண்டாம் மாதம்

கண்ணு,

போன வாரம் போனை வைக்கும் முன்னால், "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஏதாச்சும் சொல்லணுங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். நான் லீவு கிடைத்துவிட்டதா, எத்தனை மணி பஸ்ஸுக்கு வருகிறாய் என்று பேச்சைத் திருப்பிவிட்டேன். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நேரில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எழுதினால் மட்டும்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

பெண் வீட்டில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்குத்தான் இது ஆரம்பித்தது. உன் அம்மா வழக்கம்போலப் பழைய கதையை எடுத்தாள். கம்பெனியில் தன்னை வேலையை விட்டு அனுப்பியபோது எங்க ஊட்டுக்காரர் மேனேஜர்கிட்ட எதிர்த்துப் பேசி மறுபடி வேலை வாங்கிக் கொடுத்தாருங்க என்று உன் மாமனார் மாமியாரிடம் பெருமையாகச் சொன்னாள். நீ சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட கதை. நீ மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் அந்தப் பெண், நாளைக்கு நம் வீட்டுக்கு வரப் போகிறவள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவர் பிள்ளையும் இப்படித்தான் நமக்காக நிற்பான் என்று அவள் நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கதையில் பாதிதான் உண்மை, கண்ணு. மீதிப் பாதியை நான் உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். கோயமுத்தூரில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சர்ட்டிபிகேட் ஒன்றுதான் கையில் இருந்தது. நானூறு பேர் வேலை செய்த இடத்தில் கம்ப்யூட்டர் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன். அந்த மரியாதையை நீ இப்போது கற்பனைகூடச் செய்ய முடியாது. கட்டிங் செக்‌ஷனில் ஆட்கள் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஏசி ரூம். மேனேஜரே செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆயுத பூஜைக்கு முதலாளி தன் கையால் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். முதல் நாளே என்னிடம் அவர், "இதுல தப்பு வருமுங்களா?" என்று கேட்டார். "மனுசந்தானுங்க தப்புப் பண்ணுவான், இது பண்ணாதுங்க" என்று பதில் சொன்னேன். இருபத்து நாலு வயதில் அப்படித்தான் பேசத் தோன்றும். அந்த ஒரு பதில் பிறகு என்னை என்ன பாடு படுத்தியது என்று மேலே படி.

எனக்குக் கொடுத்த முதல் வேலை ஆட்களின் விவரத்தை டேட்டாபேஸில் ஏற்றுவது. டைம் ஆபீஸில் ஆளுக்கொரு கார்டு இருந்தது. பெயர், ஊர், பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. நம் ஊரில் தேதி என்றால் முதலில் நாள், பிறகு மாதம். அந்த சாஃப்ட்வேர் அமெரிக்காக்காரர்கள் செய்தது, அதற்கு மாதம்தான் முதலில் வர வேண்டும். செட் டேட் பிரிட்டிஷ் என்று ஒரே ஒரு வரி அடித்தால் நம் வழிக்கு வந்துவிடும். கோர்ஸில் அந்த வரியை வாத்தியார் எல்லா மெஷினிலும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்ததால், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கார்டில் இருந்ததை இருந்தபடியே அடித்தேன். இருபத்தைந்தாம் தேதி, ஆறாம் மாதம் என்று அடித்தால் மெஷின் கீ என்று கத்தும். இருபத்தைந்தாவது மாதம் ஏது? சரி, இதற்கு ஏதோ கிறுக்கு என்று அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் போடுவேன், வாங்கிக்கொள்ளும். ஆனால் நாளும் பன்னிரண்டுக்குள், மாதமும் பன்னிரண்டுக்குள் என்றால் மெஷின் சத்தமே போடாது. மூன்றாம் தேதி, பன்னிரண்டாம் மாதம் என்று நான் அடித்தால், அது மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி என்று எடுத்துக்கொண்டு கம்மென்று இருக்கும். திரையில் நான் அடித்த எண்கள் அடித்தபடியேதான் தெரியும் என்பதால் பார்க்கிறவனுக்கும் சந்தேகம் வராது. நடுவில் சில நாள் எல்லாவற்றுக்கும் மாதத்தை முன்னால் போட்டேன், சில நாள் மறந்துபோய்ப் பழையபடி அடித்தேன். நீ இன்று பெங்களூரில் செய்கிற வேலைக்கு, இதைப் படிக்கும்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். அடித்துக்கொள், அப்பனுக்கு அது தகும்.

அந்த வருடம் ஆனி மாதம், எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் கம்பெனியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பதினெட்டு வயது முடியாதவர்கள் ஒருவர்கூட உள்ளே இருக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. மேனேஜர் என்னிடம் லிஸ்ட் கேட்டார். நான் மெஷினைக் கேட்டேன். அது கணக்குப் போட்டு ஏழு பெயரைப் பிரிண்டரில் கர்ரு கர்ரென்று அடித்துக் கொடுத்தது. நான் அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நானூறு கார்டைப் புரட்டிப் பார்க்க வேண்டிய வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஏழு பேரையும் கூப்பிட்டு, வயசு முடிஞ்ச பிறகு வாங்க என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். செக்கிங் டேபிளில் இருந்த ஒரு பெண் மட்டும் நகரவில்லை, எனக்குத் தையிலயே பதினெட்டு முடிஞ்சுதுங்க என்று நின்றாள். மேனேஜர் என் லிஸ்டைக் காட்டி, கம்ப்யூட்டரே சொல்லுது, உனக்கென்ன தெரியும் என்று அவளையும் அனுப்பினார். நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பல்லடம் பக்கத்துக்காரி. காலையில் கம்பெனி வேனில் வந்தவள், பதினோரு மணி வெயிலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனாள். அவள்தான் உன் அம்மா.

அன்று சாயங்காலமே எல்லோருக்கும் அடையாள அட்டை அடிக்கச் சொன்னார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டால் அழகாக இருக்கும் என்று அப்படிச் செய்தேன். முதலில் என் அட்டையைத்தான் அடித்துப் பார்த்தேன், சொந்தப் பெயரைப் பிரிண்டில் பார்க்கிற ஆசை. அதில் நான் மார்ச் மாதம் பிறந்தவனாக இருந்தேன். நான் டிசம்பரில் பிறந்தவன். பிறகு டைம் ஆபீஸுக்குப் போய் அந்த ஏழு கார்டையும் எடுத்து வந்தேன். மூன்று பேர் நிஜமாகவே வயது முடியாதவர்கள். மற்ற நான்கு பேருக்கும் முடிந்திருந்தது. செக்கிங் பெண்ணின் கார்டில் ஒன்பதாம் தேதி, இரண்டாம் மாதம் என்று தெளிவாக இருந்தது. என் மெஷின் அவளைச் செப்டம்பர் இரண்டாம் தேதி பிறக்க வைத்திருந்தது.

அந்த நிமிடமே மேனேஜர் ரூமுக்குப் போயிருக்க வேண்டும். இருபதடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை. இது தப்பே பண்ணாது என்று முதலாளியிடம் சொன்ன வாய் என்னுடையது. வேலை போய்விடும், ஏசி ரூம் போய்விடும், ஊரில் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அதைவிட மோசமாக, எனக்கு நானே ஒரு நல்ல சாக்கும் கண்டுபிடித்துக்கொண்டேன். முதலில் எல்லாத் தேதியையும் திருத்திவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்வோம் என்பது அந்தச் சாக்கு. எது சரியாக ஏறியது, எது புரண்டு ஏறியது என்று மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். நானூறு கார்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு கார்டுகளை வைத்துக்கொண்டு உட்காருவேன். மை அழிந்த கார்டுகளுக்கு ஆளிடமே போய்க் கேட்டேன். ஒரு டெய்லர் அண்ணன், ஆடி நோம்பிக்கு மறுநாளுங்க, வருசந்தான் ஞாபகமில்லீங்க என்றார். இப்படிப் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் ரொம்ப நேர்மையாக உழைப்பதாக நினைத்துக்கொண்டேன், கண்ணு. கார்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேனே தவிர, வீட்டில் உட்கார்ந்திருந்த நான்கு பேரை நினைக்கவில்லை. அந்த நான்கு பேரில் மூன்று பேர் அடுத்த வாரமே வேறு கம்பெனிகளில் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, திருப்பூரில் வேலைக்கா பஞ்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் என் ரூம் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உன் அம்மா பள்ளிக்கூட டி.சி.யைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள். வாட்ச்மேனிடம் என்ன சொல்லி உள்ளே வந்தாளோ தெரியாது. டி.சி.யை என் மேஜையில் வைத்து, "ஏனுங்க, உங்க பொட்டியில எனக்கு என்ன தேதிங்க போட்டிருக்குது?" என்று கேட்டாள். நான் எழுந்து திரையைத் திருப்பிக் காட்டினேன். திருத்தி முடித்திருந்ததால் அதில் ஒன்பது, இரண்டு என்று இருந்தது. அவள் டி.சி.யையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். செக்கிங் செய்கிற கண் அல்லவா, நூல் பிரிந்திருந்தால்கூட விடாத கண்.

"சரியாத்தானுங்க இருக்குது. அப்புறம் ஏனுங்க என்னைய அனுப்புனீங்க?"

உண்மையைச் சொல்வதற்கு இதைவிடச் சுலபமான கேள்வியை ஒரு மனுசனிடம் யாரும் கேட்க முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கார்டு எழுதினவர் தப்பா எழுதிட்டாருங்க, இப்பத்தானுங்க நான் பாத்துத் திருத்துனேன் என்றேன். கார்டு எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாகியிருந்தது. அவர் வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பொய்யை மூடுவதற்காகவே அவளைக் கையோடு மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போய், இவங்க மேல தப்பே இல்லீங்க, இன்னைக்கே சேத்துக்கணுமுங்க என்று சத்தமாகப் பேசினேன். அவ்வளவு சத்தம் எனக்கு எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. மேனேஜர் மலைத்துப்போய்ச் சரி என்றார். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எதிர்த்துப் பேசிய வீரன் கதை அங்கே பிறந்ததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். மூன்று வருடம் கழித்து உன் அப்புச்சியிடம் பெண் கேட்டுப் போனோம். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சம்மதம் சொன்னார். எம்புள்ளைக்கு மறுபடி வேலை வாங்கிக் குடுத்தவருங்க என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வருடம் ஆக ஆக, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நீ பிறந்தாய், நடந்தாய், பள்ளிக்கூடம் போனாய். உன் அம்மா அந்தக் கதையை உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். இடையில் புகுந்து அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை, கண்ணு. அதன் அடியில்தான் இது கிடந்தது.

உனக்கு நான் சொல்ல நினைத்தது கொஞ்சம்தான். நீயும் அந்தப் பெண்ணும் சண்டை போடுவீர்கள். போடுங்கள், வீடு என்றால் சத்தம் இருக்கும். கத்துகிற தப்பை யாரும் திருத்திவிடுவார்கள். நானே திருத்தினேன் பார். எல்லோருக்கும் சரியென்று தோன்றுகிற மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற தப்பைப் பார்த்துக்கொள். அது உன் கண்ணில் பட்ட அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. முழுக்கச் சரிசெய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. உன் அப்பன் அப்படித் தள்ளிப் போட்டவன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியில்லாதவன் என்று அவளிடமும் நீயே சொல்லிவிடு.

இதுவரைக்கும் எழுதியதை உனக்கு அனுப்பிவிடத்தான் நினைத்தேன். கவரில் போடப் போகும்போது கை நின்றுவிட்டது. உனக்குச் சொல்லிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருந்தால், மறுபடியும் கார்டை மட்டும் திருத்துகிற வேலைதானே? அதனால் மறுநாள் காலையில் காபி குடித்த கையோடு உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரில் உட்காரவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், தண்ணீர்க் குடத்தைக் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவள் படித்து முடித்துத் தாள்களை ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை சிரித்தாலும் சிரிப்பாள் என்றும் நினைத்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"நான் அன்னைக்கு வேலை கேட்டு வரலீங்க" என்றாள். "எங்கப்பன்கிட்டக் காட்டறதுக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். கம்பெனியிலிருந்து பெண் பிள்ளை நடுப்பகலில் தனியாகத் திரும்பி வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. வயசு பத்தலைன்னு அனுப்பிட்டாங்க என்று அவள் சொன்னதை அவள் அப்பா நம்பவில்லை. பிறந்த நாள் அவருக்கே தெரியுமே, பதினெட்டு முடிந்தது அவருக்கும் தெரியுமே. அப்படியானால் வேறு ஏதோ நடந்திருக்கிறது, மகள் மறைக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார். அந்தப் பதினோரு நாளும் அவள் கையால் சோறு போட்டால் தொடாமல் எழுந்து போனார். நான் சத்தம் போட்டு வேலையைத் திருப்பி வாங்கிக் கொடுத்த சந்தோசத்தில் சீட்டு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் கம்பெனி வேன் வாசலுக்கு வந்ததும் அவர் சாப்பிட ஆரம்பித்தார். என்ன நடந்தது என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.

"நான் என்னமோ தப்புப் பண்ணிப்புட்டேன், நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு எங்கப்பன் இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்கறாருங்க. நீங்க டேட் மாத்திப் போட்டது போனாப் போகுதுங்க. அன்னைக்கே ஒரு பஸ் ஏறி வந்து அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

இத்தனை வருடமாக அந்தக் கதையை அவள் அவ்வளவு பெருமையாகச் சொன்னது என்னைப் பற்றியில்லையோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. தன் மேல் தப்பில்லை என்பதைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அழுதேன் கண்ணு, உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அன்றைக்கே இரண்டு பேரும் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். உன் அப்புச்சிக்கு எண்பது தாண்டிவிட்டாலும் காதும் புத்தியும் நன்றாகத்தான் இருக்கிறது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க மாமா என்று ஆரம்பித்தேன். மாதம், நாள், மெஷின், லிஸ்ட் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மாப்ள. எம்புள்ள ஒரு தப்பும் பண்ணலீன்னு சொல்றீங்க. அவ்வளவுதானுங்களே?"

"ஆமாங்க மாமா. தப்பு என்னுதுங்க."

அவர் பத்திரிகையின் மஞ்சள் மூலையைத் தடவினார். பிறகு உன் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ அன்னைக்கே சொன்ன கண்ணு. நான்தான் காதுல வாங்கல" என்றார். உன் அம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகிப் புறப்பட்ட அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றி வெளியே எழுந்து போனேன். கிளம்பும்போது போயிட்டு வர்றனுங்க மாமா என்றேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று நாளாகப் போன் செய்கிறேன், என் குரல் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்.

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, அதற்குள் அவரைச் சமாதானப்படுத்திவிடு என்று நான் உன் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இந்த வரியை எழுதும்போதும் அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். "மூணு நாளுதானுங்க ஆச்சு, பதினோரு நாளாக இன்னும் எட்டு நாள் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போகிறாள்.

உன் அப்பா